ஒஸ்ரினில் வந்த காற்று

இறுப்பிட்டி ஆழ்வாப்பிள்ளையின் வாயில் ஒரு சொல் மட்டும் வராது. மற்றதெல்லாம் தாராளமாக வரும். தேவாரம் வரும், பேப்பர்ச் செய்தி வரும், கோபம் வந்தால் இரண்டொரு தூஷணமும் வரும். "ஏலாது" மட்டும் வராது. யாராவது எதிரில் வந்து நின்று தலையைச் சொறிந்தால் போதும். என்ன கேட்கப்போகிறார்கள் என்று தெரியுமுன்னமே "ஓம், ஓம், அதுக்கென்ன" என்றுவிடுவார். எதற்கு ஓம் சொன்னோம் என்று பிறகு ஆறுதலாக இருந்து யோசிப்பார்.

அவரிடம் ஒரு ஒஸ்ரின் கார் இருந்தது. கண்டியில் கடை வைத்திருந்த காலத்தில் வாங்கியது. கடையை விற்றுவிட்டு ஊரோடு வந்தபோது காரும் கூடவே வந்தது. கார் அவருடைய பெயரில், பெற்றோல் அவருடைய செலவில், இருக்கைகள் மட்டும் ஊருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகிற பிள்ளைத்தாச்சி ஏறுவாள், சந்தைக்குப் போகிற புகையிலை ஏறும், ஒருமுறை நேர்த்திக்கடன் கிடாய் ஒன்று முன் இருக்கையில் ஏறி, வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டு வந்தது.

இதில் அவரை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. இறுப்பிட்டி இருக்கிற தீவில் நல்ல தண்ணீர் அருமை. பாதிக் கிணறு உவர். நல்ல தண்ணீர்ப் பீப்பாய் ஏற்றிவருகிற வண்டியை மறித்து யாராவது ஒரு செம்பு கேட்டால் இல்லை என்று சொல்கிற வழக்கம் அங்கே கிடையாது. வண்டியில் தண்ணீரை வைத்துக்கொண்டு இல்லை என்றவனை ஊர் பிறகு ஒரு மனுஷனாகவே எண்ணாது. சின்ன வயதில் தகப்பனின் தண்ணீர் வண்டியில் குந்தியிருந்து போய்வந்த ஆழ்வாப்பிள்ளைக்கு அது எலும்பில் ஊறிவிட்டது. தண்ணீருக்கு உள்ள சட்டத்தை மனுஷன் உலகத்திலுள்ள எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டார்.

அப்படித்தான் கிடாரமும் போனது.

அது அவருடைய மனைவி பரிமளத்தின் சீதனக் கிடாரம். செம்பில் செய்தது. அரை மூட்டை அரிசி வேகும். விளிம்பில் அவளுடைய தகப்பன் பெயர், "கா. சின்னக்குட்டி" என்று உளியால் வெட்டியிருக்கும். பரிமளம் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து அனலைதீவிலிருந்து ஆட்கள் வந்து கலியாணத்துக்குக் கிடாரம் கேட்டார்கள். ஆழ்வாப்பிள்ளை ஓம் என்றார். பரிமளம் திரும்பி வந்தபோது குசினிக்குப் பின்னால் கிடாரம் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு வெறும் நிலம்தான் இருந்தது.

கலியாணம் முடிந்து கிடாரத்தை எடுத்துவர அவரே வள்ளத்தில் போனார். வரும்போது துறையில் நின்றவர்கள் எல்லாரும் "நாங்களும் வரலாமோ அண்ணை" என்றார்கள். எல்லாருக்கும் ஓம். வள்ளத்தில் இடம் போதாமல் கடைசியில் கிடாரத்துக்குள்ளும் இரண்டு பேர் இருந்து வந்தார்கள். இறுப்பிட்டிக் கரை தெரிந்ததும், இறங்குகிற அவசரத்தில் அத்தனை பேரும் ஒரே பக்கமாக எழும்பினார்கள். உள்ளே இருந்தவர்கள் பாய்ந்து தப்பினார்கள். கிடாரம் மட்டும் சரிந்து, ஒரு பெரிய ஏப்பம் விட்டு, மூன்று ஆள் ஆழத் தண்ணீருக்குள் போய்விட்டது.

பரிமளம் கத்தவில்லை, அழவில்லை. அவருடன் பேசுவதை நிறுத்திவிட்டாள். ஆனால் ஒரு வீட்டில் பேசாமல் எப்படிக் காலம் தள்ளுவது? சொல்லவேண்டியதை எல்லாம் முற்றத்தில் நின்ற ஒஸ்ரினுக்குச் சொன்னாள். "ஒஸ்ரின், உன்ர முதலாளிக்குச் சொல்லு, சோறு ஆறுது." "ஒஸ்ரின், விளக்குக்கு எண்ணெய் முடிஞ்சுபோச்சாம் எண்டு சொல்லு." ஆழ்வாப்பிள்ளை ஒஸ்ரினுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்வார். முதல் இரண்டு நாளும் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு வரவில்லை. இருபத்தாறு வருஷமாக அவருடைய பெயரைச் சொல்லாமல் "இஞ்சருங்கோ" என்று கூப்பிட்ட குரல், ஒரு காரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. இரவில் படுக்கையில் கிடந்து அதை நினைத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பார். எதற்கெடுத்தாலும் ஓம் சொல்கிற குணத்தில்தான் அவளுக்குக் கோபம் என்று முடிவுகட்டினார். கிடாரத்தை எடுத்துக் குசினிக்குப் பின்னால் வைத்துவிட்டால் அவள் பேசுவாள் என்றும் முடிவுகட்டினார்.

ஊர்ப் பொடியன்கள் மூச்சுப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். கிடாரம் கவிழ்ந்து, விளிம்பும் இரண்டு காதுகளும் சேற்றில் புதைந்து கிடந்தது. "தொட்டுப்போட்டு வரலாம் அண்ணை. கிண்டி எடுக்க மூச்சுக் காணாது" என்றார்கள்.

அப்போதுதான் யாரோ யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கிறிஸ்தோப்பரைப் பற்றிச் சொன்னார்கள். திருகோணமலையில் கப்பல் வேலையில் இருந்தபோது சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் நடக்கப் பழகியவர். இப்போது கொழும்புக்காரருக்கு அழகு மீன் பிடித்துக் கொடுக்கிறார். ஆழ்வாப்பிள்ளை ஒஸ்ரினை எடுத்துக்கொண்டு குருநகருக்குப் போனார்.

கிறிஸ்தோப்பர் நல்ல மனுஷன். கேட்டவுடனேயே வருகிறேன் என்றார். ஆனால் தன்னுடைய சாமான்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற தாயைப்போல ஆகிவிடுவார்.

"அண்ணை, சிலிண்டர் உருளக்கூடாது."

"ஓம்."

"நிமிர்த்தியும் வைக்கக்கூடாது. விழுந்தா வால்வு போயிடும்."

"ஓம்."

"வெயில் படக்கூடாது. சூடேறினா வெடிச்சாலும் வெடிக்கும்."

ஆழ்வாப்பிள்ளை இதற்கும் ஓம் என்றார். ஆனால் கொஞ்சம் தாமதமாக.

சிலிண்டரைப் பின் இருக்கையில் குறுக்காகக் கிடத்தி, இரண்டு பக்கமும் தலையணை வைத்து, பாயால் சுற்றி, தும்புக் கயிற்றால் கட்டி, வெயில் படாமல் வெள்ளை வேட்டியால் மூடினார்கள். தண்ணீருக்குள் அமிழ்வதற்காக இடுப்பில் கட்டுகிற ஈயப் பட்டியை டிக்கிக்குள் வைத்தார்கள். ஒஸ்ரினின் மூக்கு உடனே வானத்தைப் பார்த்தது. பட்டியை எடுத்துச் சாரதியின் காலடியில் வைத்தார்கள். இப்போது கார் வலப்பக்கம் சாய்ந்தது. தவளைக்கால் மாதிரியான ரப்பர்ச் செருப்புகள் வளையக்கூடாதாம். அவை சிலிண்டருக்கு மேலே மல்லாந்தன. காற்றுக் குழாய் மடங்கக்கூடாதாம். அது ஒரு கடகத்துக்குள் வட்டமாகச் சுருண்டு சிலிண்டருக்குக் கீழே தரையில் இருந்தது. முகக்கண்ணாடியை எங்கே வைத்தாலும் கிறிஸ்தோப்பரின் முகம் வாடியது. கடைசியில் ஆழ்வாப்பிள்ளை அதைத் தன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டார்.

மிஞ்சியது சொறிமுட்டை என்கிற இழுதுமீன் பட்டுச் சுணைக்காமல் போடுகிற ரப்பர் உடுப்பு. "மடிச்சா வெடிச்சுப்போகும் அண்ணை. வெளிநாட்டுச் சாமான்" என்றார் கிறிஸ்தோப்பர். ஆகவே அதை மடிக்காமல் முன் இருக்கையில் இருத்தினார்கள். முதுகு இருக்கையில் சாய்ந்தது, கால்கள் கீழே தொங்கின, கைகள் இரண்டும் மடியில் மரியாதையாகக் கிடந்தன.

கிறிஸ்தோப்பர் காரைச் சுற்றி வந்து எட்டிப்பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. தனக்கு இடம் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"பரவாயில்லை அண்ணை. நான் பஸ்ஸில வாறன். உடுப்பு முன்னுக்கு இருக்கட்டும்."

இப்படி உடுப்பு காரிலும் உடுப்புக்காரர் பஸ்ஸிலுமாகப் புறப்பட்டார்கள்.

பண்ணைப் பாலம் கடந்து, அல்லைப்பிட்டி கடந்து, மண்கும்பானைத் தாண்டும்போது முன்னால் ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். அரியநாயகம் வாத்தியார். பின் சில்லில் காற்றில்லை. அவர் கையைக் காட்டினார். ஆழ்வாப்பிள்ளை காரை நிறுத்தினார்.

"ஆழ்வாப்பிள்ளையண்ணை, நல்ல நேரத்தில வந்தியள்" என்று வாத்தியார் முன் கதவைத் திறந்தார். உள்ளே தலையில்லாத ஒரு கறுப்பு ஆள் இருந்தார். வாத்தியார் கதவை மெல்லச் சாத்தினார். "ஆர் இவர்?"

"கிறிஸ்தோப்பற்ற உடுப்பு. மடிக்கக்கூடாதாம்."

"கிறிஸ்தோப்பர்?"

"பஸ்ஸில வாறார்."

வாத்தியார் திரும்பிப் போய்ச் சைக்கிளைப் பிடித்தார். அதுதான் ஆழ்வாப்பிள்ளையைக் குத்தியது. தன் வாழ்நாளிலே முதல் தடவையாக ஒரு மனுஷனை வெயிலில் விட்டுவிட்டு, ஒரு வெறும் உடுப்பை முன் இருக்கையில் வைத்துக்கொண்டு போகிறார். அவரால் தாங்க முடியவில்லை. விட்டுவிட்டுப் போகவும் மனம் இல்லை, ஏற்றவும் இடம் இல்லை. ஆகவே வாத்தியார் சைக்கிளை உருட்ட, அவருக்குத் துணையாக ஒஸ்ரினும் பக்கத்தில் நடைவேகத்தில் உருண்டது. ஆழ்வாப்பிள்ளை கழுத்தில் கண்ணாடியோடு யன்னலால் தலையை நீட்டி, வாத்தியாரின் பிள்ளைகள், மாடுகள், மாமியாரின் முழங்கால் என்று ஒவ்வொன்றாகச் சுகம் விசாரித்தார். கிடாரக் கதையையும் சொன்னார். ஒஸ்ரின் கொதித்து ஆவி விட்டது. வேலணை வங்களாவடிச் சந்திக்கு வர மத்தியானம் ஆகிவிட்டது.

சந்தியில் இளையதம்பியின் சைக்கிள் கடை. கடை வாசலில் காற்றுப்போன சைக்கிள்கள் வரிசையாகச் சாத்திக் கிடந்தன. இளையதம்பி தலையில் கைவைத்துக்கொண்டு குந்தியிருந்தார். அது எழுபத்துமூன்றாம் ஆண்டு. சாமான்கள் வெளிநாட்டிலிருந்து வராத காலம். பம்பின் தோல் வாசர் பிய்ந்துபோய்விட்டது, மாற்ற வாசர் இல்லை.

"காத்து இல்லை வாத்தியார். வேலணையிலேயே காத்து இல்லை" என்றார் இளையதம்பி. இதைச் சொல்லும்போது கடற்காற்று அவருடைய சாரத்தைத் தூக்கித் தூக்கி அடித்தது. பிறகு அவருடைய கண் ஒஸ்ரினின் பின் இருக்கைக்குப் போனது. "அண்ணை, வேட்டியால மூடி வைச்சிருக்கிறது என்ன?"

ஆழ்வாப்பிள்ளைக்குப் பொய்யும் வராது. "காத்து" என்றார்.

சந்தியில் நின்றவர்கள் எல்லாரும் காருக்குக் கிட்ட வந்தார்கள்.

"எவ்வளவு காத்து?"

"அது தெரியாது. இறுக்கி அடைச்சிருக்காம்."

இளையதம்பி எழுந்து நின்று தலையைச் சொறிந்தார். அவ்வளவுதான். தண்ணீர்ப் பீப்பாய் வைத்திருக்கிறவனிடம் ஒரு செம்பு கேட்கிறார்கள். வாத்தியாரை ஏற்ற முடியாத வெட்கம் வேறு காலையிலிருந்து நெஞ்சுக்குள் கிடந்து பிறாண்டுகிறது. "ஓம், ஓம், அதுக்கென்ன" என்றார் ஆழ்வாப்பிள்ளை. சொன்னதும் நெஞ்சு லேசானது.

சிலிண்டரைக் கதவுப் பக்கம் இழுத்தார்கள். இளையதம்பி பழைய பம்பின் குழாயை வெட்டி, வால்வின் வாயில் வைத்து, ரப்பர்த் துண்டால் சுற்றி இறுக்கினார். முதலாவது சைக்கிளின் ரியூப் வெடித்தது. கோழிகள் ஓடின. இரண்டாவதிலிருந்து பக்குவம் பிடிபட்டுவிட்டது. வாத்தியாரின் சில்லு கல் மாதிரி நிமிர்ந்தது. வரிசையில் நின்ற சைக்கிள்களுக்கெல்லாம் ஊட்டினார்கள். கேள்விப்பட்டு வீடுகளிலிருந்து ஆட்கள் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். விளையாட்டுக் கழகப் பொடியன்கள் கால்பந்தைக் கொண்டுவந்தார்கள்.

இடையிடையே ஆழ்வாப்பிள்ளை சிலிண்டரைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். மனுஷனுக்குப் புத்தி இல்லாமல் இல்லை. பீப்பாய் தூக்கிப் பழகிய கை. தண்ணீர் குறைந்தால் பாரம் குறையும். சிலிண்டரோ வந்தபோது இருந்த அதே பாரம். "கொஞ்சமும் குறையேல்லை. அள்ள அள்ள ஊறுது" என்று எல்லாருக்கும் சொன்னார். எல்லாரும் ஒவ்வொருதரம் தூக்கிப் பார்த்து ஓம் என்றார்கள். வாத்தியாரும் தூக்கிப் பார்த்தார், அவரும் ஓம் என்றார்.

கடைசியாகத் தம்பு வந்தார். தொய்வுக்காரர். இரண்டு சொல் பேசினால் மூன்றாவது சொல்லுக்கு மூச்சைத் தேடவேண்டும்.

"தம்பி ஆழ்வாப்பிள்ளை, எனக்கும்... ஒரு வாய்."

வால்வை மெல்லத் திறந்து அவருடைய முகத்துக்கு நேரே பிடித்தார்கள். தம்பு கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். தலைமயிர் பறந்தது. முகம் சிவந்து, பிறகு மலர்ந்தது.

"அருமையான காத்து" என்றார் ஒரே மூச்சில். "கொஞ்சம் கருவாட்டு வாசம்தான்."

அந்த நேரம் யாழ்ப்பாண பஸ் சந்தியைக் கடந்தது. யன்னலால் கிறிஸ்தோப்பர் எட்டிப்பார்த்தார். காரைச் சுற்றிக் கூட்டம் நிற்கிறது. ஒஸ்ரின் நின்றுபோய்விட்டது, ஆட்கள் தள்ளப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். "அண்ணை, உருளாமப் பாருங்கோ!" என்று கத்தினார். "உருளாது தம்பி!" என்று ஆழ்வாப்பிள்ளையும் கைகாட்டினார். அது உண்மை. உருளவே இல்லை.

பின்னேரம் இறுப்பிட்டிக் கரையில் திருவிழாக் கூட்டம். கிடாரம் எடுக்கிறதைப் பார்க்க ஊர் திரண்டது. காற்று வாங்கினவர்களும் புதுக் காற்றடித்த சைக்கிள்களில் வேலணையிலிருந்து வந்துவிட்டார்கள். தம்புவை யாரோ சைக்கிள் பாரில் ஏற்றி வந்திருந்தார்கள். பரிமளம் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கரையோரம் நிறுத்தியிருந்த ஒஸ்ரினுக்குப் பக்கத்தில் நின்றாள். ஆழ்வாப்பிள்ளை அவளைப் பார்த்தார். அவள் ஒஸ்ரினைப் பார்த்தாள்.

கிறிஸ்தோப்பர் உடுப்பைப் போட்டுக்கொண்டு, ஈயப் பட்டி கட்டி, சிலிண்டரை முதுகில் ஏற்றி, ஆழ்வாப்பிள்ளையோடு போன வள்ளத்திலிருந்து பின்பக்கமாக விழுந்தார். குமிழி வந்தது. ஒரு வெற்றிலை போட்டு மென்று முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை, கிறிஸ்தோப்பர் மேலே வந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார். கண் இரண்டும் வெளியே வந்துவிடும் போல இருந்தது.

"அண்ணை! காத்து எங்கை?"

ஆழ்வாப்பிள்ளை வள்ளத்திலிருந்து கையை நீட்டிச் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தார். "பாரமாத்தானே தம்பி இருக்கு."

"அது இரும்பண்ணை! இரும்பு! காத்துக்கு என்ன பாரம்?"

பிறகு கதை வெளியே வந்தது. கிறிஸ்தோப்பர் ஒரு பாட்டம் ஏசினார். தமிழில் ஏசினார், திருகோணமலையில் கப்பல்காரரிடம் பழகிய ஆங்கிலத்திலும் ஏசினார். இருந்த மிச்சக் காற்றில் கிடாரத்தின் காதுகளைக் கிண்டி, இரண்டிலும் கயிறு கட்டிவிட்டாராம். இனித் தூக்க வேண்டும். ஆனால் சேறு பிடித்திருக்கிறது. மேலிருந்து இழுத்தால் வள்ளம்தான் கவிழும்.

கரையில் காற்று வாங்கின அத்தனை பேரும் நிலத்தைப் பார்த்தார்கள். பரிமளம் ஒஸ்ரினின் பக்கம் திரும்பினாள். ஊர் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"ஒஸ்ரின், உன்ர முதலாளி காத்தையும் ஊருக்குக் குடுத்திட்டாராம். குடுத்த காத்தைத் திருப்பித் தரச்சொல்லிக் கேட்கச் சொல்லு!"

அவள் நக்கலாகத்தான் சொன்னாள். ஆனால் கிறிஸ்தோப்பர் நிமிர்ந்து கரையில் நின்ற சைக்கிள்களைப் பார்த்தார். ஒன்றையடுத்து ஒன்றாகப் பார்த்துக்கொண்டே போனார்.

"அக்கா சொல்லுறது சரி" என்றார். "ரியூப்புகளைக் கழட்டி ஊதித் தாங்கோ. ஈயப் பட்டியோட நான் மூச்சுப் பிடிச்சுக் கொண்டுபோய்க் கயித்தில கட்டிறன். காத்து மேலை வாற வேகத்தில கிடாரத்தையும் இழுக்கும். அண்ணை, ஆக்களைக் கேளுங்கோ."

ஆழ்வாப்பிள்ளை கரைக்கு வந்து எல்லாருக்கும் முன்னால் நின்றார். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. ஏலாது என்ற சொல்தான் தனக்கு வராது என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தவருக்கு, "தாங்கோ" என்ற சொல்லும் வராது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதை அவர் சொல்லிப் பழகவேயில்லை. ஒருவரிடமும் ஒன்றும் கேட்டதில்லை. அதில் ஒரு சின்னப் பெருமையும் உள்ளூர இருந்தது. அந்தப் பெருமை இப்போது குறுக்கே நின்றது. அவர் தலையைச் சொறிந்தார். சொறிந்துகொண்டே பரிமளத்தைப் பார்த்தார். அவள் இந்தமுறை ஒஸ்ரினைப் பார்க்கவில்லை. அவர் கேட்கிறாரா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கட... உங்கட ரியூப்பைத் தாங்கோ" என்றார்.

"ஓம், ஓம், அதுக்கென்ன" என்றார் அரியநாயகம் வாத்தியார்.

பிறகு அந்தக் கரையில் நடந்ததைப் பிற ஊராருக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். இளையதம்பி சில்லுச் சில்லாகக் கழற்றினார். ரியூப்பைக் கழற்றும்போது அடித்த காற்றெல்லாம் போய்விட்டது. திருப்பி அடிக்கப் பம்பும் இல்லை. ஆகவே வாயால் ஊதினார்கள். ஆணும் பெண்ணும் வரிசையாக மணலில் குந்தியிருந்து, நாதஸ்வரக்காரர் மாதிரிக் கன்னம் உப்ப ஊதினார்கள். தம்பு ஒரு ரியூப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வேண்டாம் என்றாலும் விடவில்லை. "நான் குடிச்ச காத்து. நான்தான்... தரவேணும்" என்று ஒவ்வொரு மூச்சாக ஊதினார். அவருடைய ரியூப் வயிறு ஒட்டிப்போய்த்தான் இருந்தது. கிறிஸ்தோப்பர் அதையும் வாங்கிக்கொண்டார். கழகப் பொடியன்கள் பந்தைக் கொடுத்தார்கள்.

கிறிஸ்தோப்பர் ஒவ்வொரு பிடியாகக் கொண்டுபோய்க் கட்டினார். தண்ணீர் கலங்கியது. வள்ளத்தில் நின்றவர்கள் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார்கள். "அசையுது. ஆனா விடேல்லை" என்றார்கள். கிறிஸ்தோப்பர் மூச்சு வாங்கிக்கொண்டு, "இன்னும் பெரிசா ஏதும் வேணும்" என்றார்.

எல்லாருடைய கண்ணும் ஒஸ்ரினில் விழுந்தது. ஆனால் அன்றைக்கு முதல் தடவையாக ஒருவரும் வாய் திறந்து கேட்கவில்லை. ஆழ்வாப்பிள்ளை தானாகவே போய் டிக்கியைத் திறந்து ஜாக்கியை எடுத்தார். ஒஸ்ரினை முருகைக் கல்லுகளின்மேல் ஏற்றிவைத்து, நாலு சில்லையும் கழற்றி, மேலதிகச் சில்லையும் சேர்த்துக் கொடுத்தார். ஒவ்வொரு ரியூப்பையும் ஏழெட்டுப் பேர் முறை மாற்றி ஊதினார்கள். ஆழ்வாப்பிள்ளையும் ஊதினார். ஊதி ஊதித் தலை சுற்றியது. பக்கத்தில் யாரோ வந்து குந்தி, "இஞ்ச தா" என்பதுபோல் கையை நீட்டினார்கள். பார்த்தால் பரிமளம். அவள் ஒன்றும் பேசவில்லை. வாங்கி ஊதிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

கடைசி ரியூப் போய்ச் சேர்ந்ததும் கடல் கொதித்தது. முதலில் சேற்று மணம் வந்தது. பிறகு பந்து பாய்ந்து மேலே வந்தது. பிறகு கறுப்பு வளையங்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வந்தன. அவற்றின் நடுவில், வாய் மேலே பார்க்க, பச்சைச் சேறும் இரண்டு நண்டுமாகக் கிடாரம் எழுந்தது. கயிற்றைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினார்கள். பரிமளம் ஓடிப்போய் விளிம்பைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "கா. சின்னக்குட்டி" தெரிந்தது. அவள் அப்படியே அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கூட்டத்தில் ஒரு நயினாதீவுக்காரரும் நின்றார். நல்ல நேரம், கெட்ட நேரம் தெரியாத மனுஷன். முன்னால் வந்து தலையைச் சொறிந்தார்.

"அண்ணை, வாற கிழமை எங்கட வீட்டில ஒரு விசேஷம். இந்தக் கிடாரத்தை..."

ஆழ்வாப்பிள்ளையின் வாய் பழக்கத்தில் ஓம் என்பதற்குக் குவிந்தது. அவர் அதைப் பல்லைக் கடித்து நிறுத்தினார். பரிமளத்தைப் பார்த்தார். அவளுக்காகத்தான் இவ்வளவும். ஐம்பத்தைந்து வருஷமாக வராத சொல்லை அடிவயிற்றிலிருந்து இழுத்து வெளியே போட்டார்.

"ஏலாது."

பரிமளம் வெடுக்கென்று திரும்பினாள். பழக்கத்தில் ஒஸ்ரினைத் தேடினாள். ஒஸ்ரின் சில்லில்லாமல், கல்லுகளின்மேல், ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூரத்தில் கிடந்தது. அவ்வளவு தூரம் போய் அதற்குச் சொல்ல அவளுக்குப் பொறுமை இல்லை.

"இஞ்சருங்கோ!" என்றாள். "ஆரைக் கேட்டு ஏலாதெண்டு சொல்லுறியள்?"

ஆழ்வாப்பிள்ளை நயினாதீவுக்காரரைப் பார்த்தார், பிறகு கிடாரத்தைப் பார்த்தார்.

"என்ர ஐயாவின்ர கிடாரம் கேட்ட ஆருக்கும் இல்லையெண்டு இருந்ததே? அண்டைக்கும் ஆரைக் கேட்டு ஓமெண்டனீங்கள்? குடுத்ததுக்கோ நான் கோவிச்சனான்? ஒரு வார்த்தை... பரிமளம், குடுக்கவோ எண்டு ஒரு வார்த்தை என்னைக் கேட்டனீங்களே?"

அவளுடைய குரல் கடைசியில் உடைந்தது. ஆழ்வாப்பிள்ளைக்கு இவ்வளவு காலமும் தெரியாத ஒரு விஷயம் தெரிந்து முகம் சுட்டது. ஊரில் எல்லாருக்கும் ஓம் சொல்லிக்கொண்டு திரிந்தவர், இவளிடம் ஒன்றுமே கேட்கவில்லை. அன்றைக்குத்தான் கேட்கப் பழகின வாய் இன்னும் சூடு ஆறாமல் இருந்தது.

"பரிமளம்" என்றார். "இவருக்குக் கிடாரத்தைக் குடுக்கவோ?"

அவள் மூக்கை உறிஞ்சினாள். கிடாரத்தைப் பார்த்தாள். ரியூப் இல்லாத சைக்கிள்களோடு நிற்கிற வேலணைக்காரரைப் பார்த்தாள். மணலில் மல்லாந்து கிடந்து மூச்சைத் தேடுகிற தம்புவைப் பார்த்தாள்.

"குடுக்கலாம்" என்றாள். "வாற கிழமைதானே? முதல் நாங்கள் அதில ஒரு சோறு காய்ச்சவேணும். இவ்வளவு சனமும் ஊதிக் களைச்சுப்போய் நிக்குது, வெறும் வயித்தோட நடந்தே வேலணைக்குப் போறது? ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறியள்? அடுப்புக்கு மூண்டு கல்லுக் கொண்டுவாங்கோ."

அந்தக் கரையில் கிடாரம் தாங்குகிற கல் வேறு இல்லை. ஆழ்வாப்பிள்ளை போய் ஒஸ்ரினின் அடியிலிருந்து கல்லை இழுத்தார். ஒஸ்ரின் பெருமூச்சு விட்டு வயிற்றோடு மணலில் அமர்ந்துவிட்டது. இனி எத்தனை நாளைக்கு அது எழும்பாதோ தெரியாது. கல்லைத் தூக்கித் தோளில் வைத்தார். பரிமளம் பக்கத்தில் ஏசிக்கொண்டே வந்தாள். காரைப் பற்றி ஏசினாள், வள்ளத்தைப் பற்றி ஏசினாள், கருவாட்டு மணக்கிற காற்றைப் பற்றியும் ஏசினாள். ஒவ்வொரு ஏச்சுக்கும் முன்னால் ஒரு "இஞ்சருங்கோ" இருந்தது.

கல் நல்ல பாரம். தோள் எரிந்தது. ஆனாலும் ஆழ்வாப்பிள்ளை மிக மெதுவாகத்தான் நடந்தார்.